ஒரு முறைதான் அழுத்தினீர்கள்

அண்ணா,

இன்று காலை வீரபாண்டி பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். பேக்கிங் செக்‌ஷனில் உங்கள் நாற்காலியில் இப்போது தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் எடுக்க, இடது கையால் வலது மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தினார். ஏனென்று கேட்டேன்.

"முன்னால இருந்த அண்ணாச்சி வேலய விட்டு நிக்கதுக்கு முன்ன இப்படித்தான் சொல்லித் தந்தாவ. இல்லன்னா ரெண்டு வந்திருமாம்லா."

அந்தப் பழக்கத்தை உங்களுக்குக் கொடுத்தவன் நான்தான்.

ப்ரோகிராம் நான் எழுதியது. பெட்டிக்கு எண் போட்ட ஒரு ஸ்டிக்கர் வர வேண்டும். சில நேரம் இரண்டு வந்தது. மிச்சத்தை யாரோ அடுத்த பெட்டியில் ஒட்டிவிட, ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள் லாரி ஏறிப் போய்த் திரும்பி வந்தன. மேனேஜர் கத்தினார். "நான் ஒருக்காத்தானுங்க அமுத்துனேன்" என்றீர்கள். நான் என்ன செய்தேன்? என் ப்ரோகிராமைத் திறந்துகூடப் பார்க்காமல், எல்லார் முன்னாலும், "அண்ணனுக்குக் கை நடுங்குதுங்க சார், அதான் ரெண்டு தடவ அமுங்கிருது" என்றேன். துண்டுக்கடியில் நீங்கள் மறைத்து வைத்திருந்த நடுக்கம். கம்ப்யூட்டர் சொல்லித் தரும்போது நான் மட்டும் கவனித்தது. அதைப் போட்டு உடைத்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. "அப்படியும் இருக்குமுங்க கண்ணு" என்று கையைப் பார்த்துக்கொண்டீர்கள். மறுநாள் முதல் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நடுக்கம் கூடுமென்று உங்களுக்கு உயிரான பத்து மணி டீயையும் விட்டீர்கள்.

அந்த வாரமே என் மேஜையில் நான் ஒரே ஒரு தடவை அழுத்தினேன். இரண்டு வந்தது. ப்ரோகிராமுக்குள் ஸ்டிக்கர் அடிக்கும் வேலையைப் பார்க்கிற துண்டு, அதாவது ஆப்ஜெக்ட், உருவாகிற இடத்தில், "பிறந்தேன்" என்று ஸ்கிரீனில் காட்டும்படி ஒரு வரி எழுதி சர்வரை ஓட விட்டேன். "பிறந்தேன், பிறந்தேன்" என்று இரண்டு முறை வந்தது. எழுதும்போது பிழை பார்ப்பதற்காக வைத்த டீபக் மோடை அணைக்க மறந்திருந்தேன். அது இருந்தால் ப்ரோகிராம் இரண்டாக ஓடும். ஒன்று வேலை பார்க்கும், மற்றது ப்ரோகிராமில் எழுதியது மாறுகிறதா என்று காவல் இருக்கும். என் ஆப்ஜெக்ட் இரண்டிலும் பிறந்திருந்தது. பட்டனை அழுத்தியதும் பதிவாகும் புதுப் பெட்டியை இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் இரண்டு ஸ்டிக்கர். டீபக் மோடை அணைக்க ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். சரியாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா கண்ணு, கெட்டியாப் புடிச்சு அமுத்துனா ஒண்ணுதான் வருது. நீங்க சொன்னது சரிதானுங்க."

"ஆமாங்கண்ணா" என்றேன். பாவி, வாய் கூசாமல் சொன்னேன். உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்டபோதும், கட்டியிருந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

இன்று அந்த அக்காவிடம், "கையை விட்டுட்டு அமுத்துங்கக்கா" என்றேன். தயங்கித் தயங்கி அழுத்தினார். ஒன்றுதான் வந்தது. நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"அப்ப அவங்க மேல தப்பே இல்லியா?"

"இல்லீங்கக்கா. தப்பு பூரா என்னுது."

"இத அவங்ககிட்டல்லா சொல்லிருக்கணும்" என்றார்.

அதற்குள் பத்து மணி டீ வந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் டீயை விட்டிருக்கவே வேண்டாம், அண்ணா.