குளிசையா, உம்ராவா

வெள்ளவத்தை
12.02.2023

அன்பு அஹ்ஸன் நானாவுக்கு, ஸலாம்.

போனில் கதைத்தால் சண்டையில் முடியும், அதுதான் எழுதுகிறேன். வாப்பாவின் மறதி நோய்க்கு டொக்டர் எழுதிய குளிசை இப்போது மும்மடங்கு விலை. ஆனாலும் அதைப் போடுவதால்தான் அவர் தானாகக் குளித்து, தொழப் பள்ளிக்கும் போய் வருகிறார். நானும் நிம்மதியாகக் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். நீங்கள் அனுப்பும் சல்லியைக் குறைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
மஸாஹிரா

தோஹா
26.02.2023

அன்புத் தங்கச்சிக்கு,

கோபிக்காதே. இந்த நோய் சுகமாகாது என்று டொக்டரே சொன்னார்தானே? பிறகு எதற்குச் சல்லியைக் கொட்ட வேண்டும்? குளிசையை நிறுத்து. அந்தச் சல்லியைச் சேர்த்து வாப்பாவை உம்ராவுக்குக் கூட்டிப் போகிறேன். மக்காவைக் கண்ணால் காண வேண்டும் என்பதுதானே அவருடைய ஒரே ஆசை.

நானா

வெள்ளவத்தை
09.10.2023

நானா,

உங்கள் பேச்சைக் கேட்டுக் குளிசையை நிறுத்திய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பக்கத்துப் பள்ளிக்குப் போன வாப்பா கொழும்பின் மறுகோடியில், மட்டக்குளியில் நின்றிருக்கிறார், வெறுங்காலோடு. இனி அவரைத் தனியே விட முடியுமா? வேலையை விட்டுவிட்டேன். குளிசையில் மிச்சம் பிடித்ததைவிட என் சம்பளம் பெரிது, தெரியுமா? குளிசையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறோம். போனது போனதுதான், இருப்பதையாவது காப்போம் என்கிறார் டொக்டர்.

மஸாஹிரா

தோஹா
03.01.2024

தங்கச்சி,

உம்ராவுக்குச் சல்லி சேர்ந்துவிட்டது, சந்தோஷம்தான் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். வாப்பாவை உம்ராவுக்குக் கூட்டிப் போனான் என்று ஊர் சொல்லும். குளிசை வாங்கிக் கொடுத்தான் என்று யார் சொல்லப்போகிறார்கள்? என் மனதில் கிடந்தது அதுதான். உன் வேலையையும் தின்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அவருக்கு விளங்காவிட்டாலும் கூட்டிப் போகட்டுமா?

அஹ்ஸன்

வெள்ளவத்தை
20.01.2024

அன்பு நானாவுக்கு, ஸலாம்.

வெட்கப்பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு, உங்கள் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்ரா என்றதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் போயிட்டு வந்துட்டேனே மகள்! அஹ்ஸன்தான் கூட்டிக்கொண்டு போன. அவ்வளவு சனத்துக்குள்ளயும் என்ட கைய விடவே இல்ல" என்றார். பக்கத்து வீட்டு லுத்பியா மாமியிடமும் அதையே சொல்லி அழுதார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சல்லியில் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுவோம். குளிசையும் தொடரட்டும், நானும் வேலை தேடுகிறேன். நீங்கள் ஒருக்கா வந்துவிட்டுப் போங்கள். மக்காவில் நீங்கள் எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டீர்கள் என்று அவர் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வார். நீங்கள் பக்கத்தில் இருந்து, ஓம் வாப்பா, ஓம் வாப்பா என்று தலையாட்டிச் சொல்ல வேண்டும், நானா.

மஸாஹிரா