இரண்டாவது பிரேக்

மார்ச் 4
மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் வேலைக்குப் போனேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவனுக்குக் கால் முக்கியம். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறதே. கால் ஒழுங்காக வேலை செய்தது. வாய்தான் செய்யவில்லை. ஒருவரைக்கூடத் திட்டவில்லை. கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆன பிறகு கற்றுக்கொள்ள வந்தவர், இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார். "ஓடட்டும் டீச்சர், கண்ணாடி சுத்தமாகும்" என்றேன். என்னைப் பயத்தோடு பார்த்தார்.

எல்லாம் வலி மாத்திரையின் புண்ணியம்.

மார்ச் 9
மலச்சிக்கல், வயிறு நகரவில்லை. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 17
வலி குறைந்தால் மாத்திரையைப் பாதியாக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். குறைந்துவிட்டது. ஆனால் ஒரு மாத்திரை முன்போல் பிடிப்பதில்லை, அதனால் மதியமும் ஒன்று. இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

"இப்பல்லாம் நீங்க சண்டைக்கே வர்றதில்ல, வீடே வெறிச்சுன்னு இருக்கு" என்றாள் மனைவி. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 21
மூட்டு வலிக்கிறது, மாத்திரை போடு என்றது மூளை. தடவிப் பார்த்தேன். ஆபரேஷன் செய்யாத மூட்டு!

போட்டுக்கொண்டேன்.

மார்ச் 25
டீச்சர் மைதானச் சுவரில் மோதிவிட்டார். அடி யாருக்கும் இல்லை, பம்பர்தான் போயிற்று.

எழுதவே கூசுகிறது — சுவர் வருவதைப் பார்த்தேன். பிரேக் என் காலடியில். வரட்டுமே என்றிருந்தது. அங்கே ஒரு ஆள் நின்னிருந்தா? என்னடா பண்ணிட்டிருக்கே நீ?

மார்ச் 26
மச்சினி மருந்துக்கடை வைத்திருக்கிறாள். போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வலியை அமர்த்த மூளையே கொஞ்சம் சரக்கு தயாரிக்கும் மாமா. இது அபின் வகை மாத்திரை, அதே வேலையைப் பல மடங்கு செய்யும். தினமும் வெளியிலேருந்து வந்தா மூளை தன் சரக்கைக் குறைச்சுட்டு அதுக்கே பழகிடும். அப்புறம் அதே அளவு பத்தாது. இல்லைன்னா ஆட்டம் காட்டும்."

அத்தனையையும் குப்பையில் போடுகிறேன் என்று எழுந்தேன்.

"வீரமெல்லாம் வேண்டாம். திடீர்னு நிறுத்தக்கூடாது. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க, படிப்படியா குறைப்பார். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

வீட்டில் நான் ஒருவன்தான் உழைப்பாளி என்று நினைத்திருந்தேன். என் மூளையே டிமிக்கி கொடுத்திருக்கிறது.

ஏப்ரல் 6
டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் குறைக்கக் குறைக்க மூக்கு ஒழுகுகிறது, ஓயாத கொட்டாவி, உடம்பெல்லாம் புல்லரிப்பு. நகராத வயிறு இப்போது நிற்க மாட்டேன் என்கிறது.

டப்பா மனைவியிடம். கூட ஒன்றே ஒன்று என்று கெஞ்சினேன், அழுதேன். வெட்கமாக இருக்கிறது. அவள் தரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அவளுக்கும் கொட்டாவி.

ஏப்ரல் 28
மாத்திரை முழுசாக நின்றது. காபியில் சர்க்கரை இல்லை என்று கத்தினேன். மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள்.

மே 12
வண்டியில் ஏறலாம் என்றார் டாக்டர். வேறு யாரிடமும் கற்க மாட்டேன் என்று டீச்சர் காத்திருந்தாராம். அதே மைதானம், அதே சுவர்.

"பிரேக்! பிரேக்! அது சுவர் டீச்சர், கரும்பலகை இல்ல!" கத்திக்கொண்டே மிதித்தேன். வண்டி நின்றது. மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு? கத்துங்க. நீங்க கத்தினாத்தான் உங்க கால் பிரேக்குல இருக்குன்னு எனக்குத் தெரியுது" என்றார்.

பாடம் முடியும்வரை கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. மனைவி ஏதோ மாத்திரை தேடப் போனாள். வெந்நீர் போதும் என்றேன்.