மஞ்சள் தெரியாத கண்ணாடி

1931 பிப்ரவரி 2, திங்கள்

இந்த வாரப் பாடம் பூ. அண்ணன் கேமராவுக்குப் போடுகிற கண்ணாடி ப்ளேட் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "ஒண்ணுதான். கெடுத்தாலும் ஒண்ணுதான், ஒடச்சாலும் ஒண்ணுதான்" என்றான். என்னமோ ஆஸ்தியைப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி முகம்.

ஒப்பந்தத்தை இங்கே எழுதி வைக்கிறேன். தானியேல் அண்ணன் பின்னால் மாற்றிப் பேசுவான், அவனை எனக்குத் தெரியும். வாரம் ஒரு ப்ளேட், அவன் சொல்கிற பொருள். நானே எடுத்து, நானே கழுவி, காகிதத்தில் ஏற்றி அவனிடம் காட்ட வேண்டும். அவன் பார்த்துவிட்டு இருட்டறைக் கதவில் சாக்பீஸால் 'சரி' போடுவான், இல்லையென்றால் 'தப்பு'. ஈஸ்டருக்குள் அவனுக்குத் திருப்தி வந்தால் நம் ஸ்டூடியோவில் நானும் படம் எடுக்கலாம். வராவிட்டால் ஜூனில் வேலூருக்கு, உபாத்தியாயினி ட்ரெயினிங். அம்மாவுக்கு ஆசை ட்ரெயினிங்தான். "பொம்பளப் புள்ள கறுப்புத் துணிக்குள்ள தலைய வுட்டுக்கினு நின்னா எவன்டி கட்டுவான்?" என்கிறாள்.

கட்டாதவன் போகட்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

முல்லையும் மஞ்சள் சாமந்தியும் கலந்து கட்டிய சரத்தை எடுத்தேன். முல்லை பளிச்சென்று விழுந்திருக்கிறது. சாமந்தி கரிக்கட்டை. அண்ணன் பார்த்தான். "வெளிச்சம் பத்தல. தப்பு."

ஒரே சரம், ஒரே வெயில். முல்லைக்குப் பத்திய வெளிச்சம் பக்கத்தில் இருக்கிற சாமந்திக்கு மட்டும் எப்படிப் பத்தாமல் போகும்? கேட்டேன். "எதிர்த்துப் பேசாத" என்றான். அதுதான் பதிலாம்.

பிப்ரவரி 12, வியாழன்

பாடம்: ஓடுவது. கடைத்தெருவில் ஜட்காவை எடுத்தேன். படத்தில் கலங்கி விழுந்த குதிரைக்கு எத்தனை கால் என்று அதைப் படைத்தவர் வந்தாலும் சொல்ல மாட்டார். தப்பு. இது நியாயமான தப்பு.

பிப்ரவரி 24, செவ்வாய்

பாடம்: கை. தோல் பதனிடுகிற டேனரியில் ஆவாரம்பட்டை இடிக்கிற தேவகியிடம் போனேன். "மூஞ்சிய வுட்டுட்டு கைய எடுத்து இன்னா பண்ணப் போற? ஊறுகா போடுவியா?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்ததில் உலக்கைப் பிடி தளர்ந்தது, அந்த நேரத்தில் கேமரா மூடியைத் திறந்து மூடினேன். பட்டைச் சாறு ஏறிய விரல்கள், நகத்தைச் சுற்றி வெடிப்பு, எல்லாம் விழுந்திருந்தது.

அண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போய்க் கதவில் 'சரி' போட்டான். நான் துள்ளவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் துள்ளினேன்.

மார்ச் 3, செவ்வாய்

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா, மகளோடு வந்து சண்டை. போன வாரம் அண்ணன் எடுத்த படத்தில் பெண் கறுப்பாக இருக்கிறாளாம். அந்தப் பெண் அன்றைக்கு மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, பார்க்கவே பளபளவென்று வந்தாள். அண்ணன், "இருக்கிறதுதாம்மா விழும்" என்றான். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. ப்ளேட்டில் கறுத்தது காகிதத்தில் வெளுக்கும் என்பதால், ப்ளேட்டில் பென்சில் தீட்டி முகத்தை வெளுக்க வைத்துக் கொடுத்தேன். மாவு அப்பின மாதிரி ஆகிவிட்டது. அதற்கும் திட்டு.

மார்ச் 10, செவ்வாய்

டேனரி முதலாளி மக்பூல் அகமது சாயபு தானே ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரே மகள் சுகரா பேகத்துக்கு அடுத்த வாரம் நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் தோல் வியாபாரம். ஏப்ரலில் கப்பல் ஏறினால் எப்போது திரும்புவாளோ தெரியாது. "அவ அம்மாவுக்குப் பாத்துக்கினு இருக்க ஒரு முகம் வேணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, கடைத்தெருவைப் பார்த்தார்.

அவர் போட்ட நிபந்தனை: படம் எடுப்பது பெண்பிள்ளையாக இருக்க வேண்டும். கழுவுவதும் அச்சுப் போடுவதும் அவளே. ப்ளேட்டும் படமும் வீட்டுப் பெண்கள் கைக்குத்தான் போக வேண்டும். "ஆம்பள கண்ணு படக்கூடாது, தானியேல். உங்க கண்ணும்தான்."

நான் முந்திக்கொண்டு, "சத்தியமா படாது" என்றேன்.

அவர் போனபின் அண்ணன் தலையைச் சொறிந்தான். "நான் பாக்காம எப்டிடி 'சரி' போடறது?" எனக்கும் தெரியவில்லை. அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் நிஜப் படம் எனக்கு வந்திருக்கிறது!

மார்ச் 14, சனி

போய் எடுத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டு நடுமுற்றத்து வெளிச்சம் மாதிரி நம் ஸ்டூடியோவில் ஒரு நாளும் கிடைக்காது. சுகரா மாஞ்சாவில் உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் சில நாள் பெண்ணுக்கு மஞ்சள் உடுத்தி, முகம் கை கால் எல்லாம் மஞ்சள் பூசி உட்கார வைப்பார்கள். அவள் அம்மா முனவ்வர் பேகம் அந்தக் கோலத்திலேயே வேண்டும் என்றார். "என் வீட்டுல அவ கடைசியா இருந்த மாதிரியே இருக்கட்டும்."

சுகரா வாயாடி. கறுப்புத் துணிக்குள் நான் தலையை விட்டதும், "அம்மா, இவங்களும் பர்தாதான்!" என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு. அவளை அசையாமல் உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் எல்லாம் சரியாக எடுத்தேன், எனக்குத் தெரியும்.

அன்றே, கழுவிய பின்

முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. காகிதத்தில் ஏற்றினால் இருட்டாகத்தான் விழும்.

என்ன செய்தேன் நான்? என்ன தப்பு செய்தேன்? வெளிச்சம் இருந்தது. எண்ணித்தானே மூடியைத் திறந்தேன். முற்றத்துச் சுண்ணாம்புச் சுவர், பின்னால் தொங்கிய கொசுவலை எல்லாம் அழகாக விழுந்திருக்கின்றன. அவள் மட்டும் இல்லை.

அண்ணன் இருட்டறைக் கதவைத் தட்டினான். "இன்னா ஆச்சு? கெட்டுப்போச்சா? காட்டு, ஒரு நிமிஷத்துல சொல்லிடறேன்." கையை நீட்டிக்கொண்டு நின்றான். கொடுத்திருந்தால் சொல்லித்தான் இருப்பான், இல்லையா? துணியில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"காட்ட முடியாதுண்ணே."

"கெட்டுப்போன ப்ளேட்டுதானே? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் இல்ல?"

கோபமாகப் போய்விட்டான்.

மார்ச் 16, திங்கள்

கொடுத்துவிட்டு வந்தேன். ஓடி ஒளியலாம் என்று தோன்றியது, ஆனால் போனேன். முனவ்வர் பேகம் படத்தை வெகு நேரம் பார்த்தார். "யாரும்மா இது?"

சுகரா எட்டிப் பார்த்து, "நான் கரி மூட்டைல விழுந்துட்டேன் போல" என்று சிரிக்கப் பார்த்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. "போதும்மா. பேஜார் பண்ணாத. இனி வேணாம்." ப்ளேட்டை என் கண் முன்னாலேயே அம்மிக் கல்லில் போட்டு உடைத்தார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 17, செவ்வாய்

அம்மா பெட்டியைத் தூசி தட்டுகிறாள். வேலூர்ப் பெட்டியை. தட்டட்டும். நான் இன்னும் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

இருட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிரே சிவப்பு விளக்கு. தினம் பார்க்கிற விளக்குதான். இன்றைக்கு ஏனோ கேட்கத் தோன்றியது: இந்த வெளிச்சத்தில் எனக்கு எல்லாம் தெரிகிறதே, ப்ளேட் மட்டும் ஏன் கெடுவதில்லை?

அதற்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான்!

அப்படியானால் அதற்கு வேறு என்னென்ன தெரியாது? வானம் எப்போதும் வெள்ளையாக விழுகிறதே, நீலம் அதற்கு வெள்ளை மாதிரியா? சாமந்தி கரியாச்சே. குடியாத்தத்துப் பெண் கரியாச்சே. சுகரா —

கர்த்தாவே. எல்லாம் மஞ்சள்.

எங்கள் சபையில் முகத்துக்கு மஞ்சள் பூசும் வழக்கம் இல்லை. வீட்டில் மஞ்சள் என்றால் குழம்புக்குத்தான். அண்ணன் இத்தனை நாளாக எடுத்துப் பார்த்த வீட்டு முகம் என்னுடையதும் அம்மாவுடையதும். பூசிக்கொண்டு வருகிற முகங்களை எல்லாம் நாங்கள் இருவரும் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மார்ச் 21, சனி

எலுமிச்சம்பழம், மஞ்சள் கிழங்கு, சிவப்பு மிளகாய், சலவைக்குப் போடுகிற நீலம், ஒரு கோழிமுட்டை. எல்லாவற்றையும் ஒரே பலகையில் வரிசையாக வைத்து எடுத்தேன். எலுமிச்சை, மஞ்சள், மிளகாய் மூன்றும் கறுப்பு. நீலமும் முட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வெள்ளை வெளேர்.

மார்ச் 23, திங்கள்

எலுமிச்சம்பழத்தைக் கொண்டு போய்க் காட்டினால் முனவ்வர் பேகம் நம்புவாரா? மாட்டார். முகத்துக்கு முகம்தான் காட்ட வேண்டும். பாதி முகத்தில் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டு, "அடிப்பாவி, இன்னாடி வேஷம் இது? சபை ஐயர் வந்தா இன்னா சொல்வாரு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயர் வர்றதுக்குள்ள மூடியத் தெறம்மா."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள். மூடவும் செய்தாள், நான் சொன்ன நேரத்துக்கு. நன்றாகவே செய்தாள், ஆனால் அதைச் சொன்னால் அடிப்பாள்.

ஒரே முகத்தில் ஒரு பாதி நான். மறு பாதி இருட்டு.

மார்ச் 25, புதன்

கதவைத் திறந்த முனவ்வர் பேகம் உள்ளே கூப்பிடவில்லை. நான் என் படத்தை நீட்டினேன். பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். "யா அல்லா! நீயா இது?"

"நான்தான் பேகம்மா. உங்க பொண்ணு மேல தப்பு இல்ல, வெளிச்சத்து மேலயும் இல்ல. இந்தக் கண்ணாடிக்கு மஞ்சள் தெரியாது. அது எனக்குத் தெரியல. இப்போ தெரியும். இன்னொரு வாட்டி உட்கார வைங்க."

அவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை மகள் மறுவீடு வருகிறாளாம், அன்றைக்கு வரச் சொன்னார்.

மார்ச் 28, சனி

சுகரா கல்யாண உடுப்பான சிவப்பு ஜோடாவில் ஜம்மென்று வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். "அப்போ இன்னா, வெள்ளையா? புதுப் பொண்ணு வெள்ளை கட்டினா ஊரே பேசும்" என்று அவள் அத்தை சண்டைக்கு வந்தார். வெள்ளை வேண்டாம், ஆகாச நீலம் கொடுங்கள், படத்தில் வெள்ளையாக விழும், ஊருக்குத் தெரியாது என்றேன். பெட்டியெல்லாம் கலைத்து ஒரு நீலத் தாவணியைத் தேடி எடுத்தார்கள். முகத்தில் மிச்சம் இருந்த மஞ்சள் போகக் கடலைமாவு போட்டு நானே தேய்த்துக் கழுவினேன். "தோல் ஷாப்புல தோலத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிறாங்க" என்று கத்தினாள்.

அப்புறம் அவள் கையைப் பார்த்தேன். மருதாணி. சிவப்பு, கறுப்பாகத்தான் விழும். விழட்டுமே! வெளுத்த உள்ளங்கையில் கொடி கொடியாக, மையில் வரைந்த மாதிரி விழும். இரண்டு கையையும் விரித்து முகத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.

மூடியைத் திறந்த நேரம் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

மார்ச் 30, திங்கள்

கொடுத்துவிட்டேன். முனவ்வர் பேகம் வாங்கிப் பார்த்தார். படத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. சுகராதான் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4, சனி

நாளைக்கு ஈஸ்டர். மக்பூல் சாயபு கடைத்தெருவில் அண்ணனைப் பார்த்து சலாம் சொன்னாராம், அவ்வளவுதான். வீட்டுப் பெண்கள் சமாச்சாரத்தைத் தெருவில் பேச மாட்டார்கள்.

கடையைக் கட்டும் முன் அண்ணன் வந்தான். பழக்கத்தில் "காட்டு" என்று கையை நீட்டினான். நீட்டின கையைத் தானே மடக்கிக்கொண்டான்.

"எப்டி வந்துது?"

"நல்லா வந்துதுண்ணே."

"முகம்?"

"முகம், கை, எல்லாம்."

கதவுப் பக்கம் திரும்பினான். "கெட்டுப்போன ப்ளேட்டையே காட்டாதவ நீ" என்றான். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தான். "நீயே போட்டுக்கோ."

கதவில் 'சரி' போட்டேன். எழுத்து கோணலாக விழுந்தது. அழித்து எழுதவில்லை.

ஜூன் 15, திங்கள்

இன்றைக்கு வேலூரில் ட்ரெயினிங் திறந்திருப்பார்கள். நான் வாணியம்பாடியில், ஒரு தோல் மண்டிக்காரர் வீட்டில், பாட்டி முதல் பேத்தி வரை பதினோரு பெண்கள். மஞ்சள் தெரிகிற புது மாதிரி ப்ளேட்டை அண்ணன் மதராஸிலிருந்து வரவழைத்திருக்கிறான். விலை ஜாஸ்தி என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே கேமரா முக்காலியைத் தூக்கி வந்தான். வாசல் திரை வரைக்கும்தான் அவன். உள்ளே நான் கறுப்புத் துணிக்குள் தலையை விடும்போது தெருவிலிருந்து கத்தினான்.

"சம்பூர்ணம், வெளிச்சம் எப்டி இருக்கு?"

"நான் பாத்துக்கறேண்ணே. நீ நிழல்ல உக்காரு."