ஆட்டுக்கென்று சொன்ன கீரை

இன்று காலையில் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். அடுத்த வீட்டுச் சாம்பல் பூனை மதிலோரம் மண்ணைப் பிறாண்டி, ஒரு செடியின் வேரைக் கவ்விக்கொண்டு மல்லாந்து புரண்டது. அதட்டிப் பார்த்தேன், அசையவில்லை. குப்பைமேனி வேர் கிடைத்துவிட்டால் பூனைக்கு வேறு நினைப்பே இருக்காது. ஈரத்துணியைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றுவிட்டேன்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. அதற்குமுன் அந்தப் பழைய கதையை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமும் நாம் அதைச் சிரித்துச் சிரித்தே பேசிவிட்டோம். நடந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியூரில் ஐந்து குடித்தனம் இருந்த காம்பவுண்டு வீடு. உன் வாசலும் என் வாசலும் எதிரெதிர். உங்களுடையது தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவீர்கள், வாசல் தாண்டினால் எங்களைவிட நல்ல மதுரைத் தமிழ். நான் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். இருவருக்கும் ஒரே வயது. பழகிய மறுவாரமே வாடி போடி என்றாகிவிட்டது.

ஒரு மழை பெய்தால் போதும், பின்பக்கத்து மண்ணில் குப்பைக்கீரை முளைத்துவிடும். எனக்கு அது பழகிய ருசி. எங்கள் ஊரில் மழை பொய்த்த ஒரு வருடம், கிணற்றடி ஈரத்தில் முளைத்த அந்தக் கீரையைத்தான் என் அம்மா மாதக்கணக்கில் ஆக்கிப் போட்டாள். கல்யாணமாகி வந்த முதல் வாரம் ஆசையாக ஒரு மடி பறித்து ஆய்ந்துகொண்டிருந்தேன். என் நாத்தனார் பார்த்துவிட்டு, "இதையா திங்கிறீக உங்க ஊர்ல? இங்கிட்டெல்லாம் ஆடுதான் திங்கும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாள். அதிலிருந்து, குழாயடிக்கு யாரும் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் பறித்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவேன்.

அப்படி ஒரு நாள் உன்னிடம் மாட்டிக்கொண்டேன்.

"என்னத்தடி பறிக்கிற?"

"ஆட்டுக்கு."

"நம்ம காம்பவுண்டுல ஏதுடி ஆடு?"

"சோழவந்தான்ல எங்க அக்கா வீட்டு ஆட்டுக்கு."

"இங்கருந்து சோழவந்தானுக்குத் தழை பஸ்ஸேறிப் போகுதாக்கும்! அங்க இல்லாத பச்சையா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாய். அன்று மத்தியானம் என் அடுப்பிலிருந்து பூண்டும் வரமிளகாயும் தாளித்த வாசம் உன் வாசலுக்கு வந்தது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. நீ அவளைக் கேட்டிருக்கிறாய், அவளும் பின்னாடி பறித்த கீரை என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் நேராக என்னிடம் வந்தாய்.

"அது திங்கிற கீரையாடி? எதுன்னு காட்டு, நானும் ஆக்குறேன்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "பிள்ளை உளறுது. சிம்மக்கல்லுல வாங்குன அரைக்கீரை அது" என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். திரும்பிப் போய்விட்டாய்.

மூன்றாம் நாள், நான் குனிந்து பறித்த அதே இடத்தில் நீயும் போய்ப் பறித்தாய். கீரையை நான்தான் முன்பே வழித்தெடுத்திருந்தேனே. மிச்சம் நின்றது குப்பைமேனி. தெரியாதவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பருப்புப் போட்டுக் கடைந்து, உன் மாமியாருக்கு முதலில் பரிமாறி, நீயும் சாப்பிட்டிருக்கிறாய்.

நான் குழாயடியில் குடத்தோடு நின்றேன். உள்ளே மாமியார் குடலே வெளியே வருவதுபோல ஓங்கரிக்கும் சத்தம். நடுவில் நீ ஓங்கரிக்கும் சத்தம். தெருமுனை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். கொஞ்சம் தெம்பு வந்ததும் உன் மாமியார் உங்கள் மொழியில் வையத் தொடங்கினார், பிறகு காம்பவுண்டுக்கே கேட்கட்டும் என்று தமிழுக்கு மாறினார்.

"குப்பையில கெடந்ததப் பொறுக்கியாந்து எனக்குப் போட்டுட்டா! யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் பறிச்சேன்" என்றாய்.

குடம் நிரம்பி வழிந்தது. உன் வாசல் பத்தடி தூரம். நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நாம் சிரித்துப் பேசிய போதெல்லாம் இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வந்தேன். உன் மாமியார் பாயில் படுத்திருந்தார்.

"பெரியம்மா, இவ மேல தப்பில்ல. திங்கிற கீரை எதுன்னு எனக்குத் தெரியும். இவ கேட்டப்ப நான்தான் பொய் சொன்னேன்."

"எதுக்குப் பொய் சொன்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். இரண்டு நாள் உன் வாசலைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. குழாயடியில் மற்ற மூன்று குடித்தனத்துப் பெண்களும் நிற்கிறார்கள். நீ கையில் முறத்தோடு என் வாசலில் வந்து நின்றாய்.

"வா. எது எதுன்னு காட்டு."

"எல்லாரும் இருக்காகடி."

"இருக்கட்டும். அதுக்குத்தான் இப்பக் கூப்புடுறேன்."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அத்தனை பேர் பார்க்க மண்ணில் உட்கார்ந்து காட்டினேன். குப்பைமேனி இலையின் ஓரம் ரம்பம்போலப் பல் பல்லாக இருக்கும். குப்பைக்கீரையின் ஓரம் வழுவழுவென்று இருக்கும், இலை நுனியில் கிள்ளி எடுத்தாற்போல ஒரு சின்னப் பிளவு. பூனை எதைத் தோண்டுகிறதோ அதைத் தொடாதே என்றேன். நீ ஒவ்வொரு இலையாக விரலில் தடவி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், திறந்துகொண்டு ஒரு தரம் சொல்லிப் பார்த்தாய். தப்பில்லாமல் பத்துத் தடவை சொன்ன பிறகுதான் எழுந்தாய்.

அன்று உன் அடுப்பில்தான் ஆக்கினோம். மூன்று தண்ணீரில் அலசி, பாசிப்பருப்போடு வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கடைந்தோம். உங்கள் வீட்டுப் பழக்கம் என்று நீ கொஞ்சம் புளியும் ஒரு துண்டு வெல்லமும் சேர்த்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு அப்படித்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. உன் மாமியார் தட்டைத் தொடவில்லை. நீ அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாய். "மறைச்சதுதான் வாந்தியெடுக்க வச்சுச்சு. கீரை என்ன பண்ணும்?" என்றாய். அவரிடம் சொல்வதை நீ ஏன் தமிழில் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். மறுவாரம் அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்தே பறித்தோம், பட்டப்பகலில். கடைசி மாதம் உனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கீரை வேகவைத்த சாற்றை வடிகட்டிக் கொண்டுவந்தேன். மூன்று கரண்டி குடித்துவிட்டு, "உப்பு பத்தலடி" என்றாய். எழுந்து போய் உப்புப் போட்டுக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டாய்.

இனி அந்தச் சங்கதி. அன்று உன்னிடம் என்னைக் காட்டிக்கொடுத்த என் மகளுக்கு வரன் கூடியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்தார்கள். வசதியான இடம். காலையிலேயே என் நாத்தனார் அடுப்படிக்கு வந்து, "இன்னைக்கு மட்டும் அந்தக் கீரைய வைக்காத. வர்றவுக என்ன நெனைப்பாக?" என்றாள். என் வீட்டுக்காரரும் தயங்கினார். மகள் என்னையே பார்த்தாள். நான் போய்ப் பறித்துக்கொண்டு வந்தேன்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "மதினி, இது என்ன கீரை? அரைக்கீரையா?"

"ஆமா, அரைக்கீரைதான்" என்று என் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

கரண்டி என் கையில் இருந்தது.

"இல்ல மதினி. குப்பைக்கீரை. எங்க வீட்டுப் பின்னாடி தானா மொளைக்கிறது. மழையில்லாத வருசம் எங்க அம்மா இதை ஆக்கிப் போட்டுத்தான் எங்களக் காப்பாத்துனாக."

அந்த அம்மா இலையைப் பார்த்தார், மிச்சக் கீரையை ஓரமாக ஒதுக்கிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தார். போகும்போது போன் பண்ணுகிறோம் என்றார்கள். இரண்டு நாள் போன் வரவில்லை. நாத்தனார் பேசிய பேச்சை நான் எழுதப் போவதில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அந்தத் தெம்பு என்னுடையது இல்லை. முறத்தோடு வந்து நீ என் கையைப் பிடித்து இழுத்த அன்று எனக்கு ஒட்டிக்கொண்டது. இனி யார் சிரித்தாலும் அதை நான் விடமாட்டேன்.

நேற்று அந்த அம்மாவே போன் பண்ணினார். ஆவணியில் முகூர்த்தம். கீரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மகள் எங்கிருந்து வருகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.