மீமிசல் கம்ப்யூட்டரில் செவந்தியின் குரல்

மீமிசல்
11.6.2024

அன்புள்ள ஞானமணி,

எட்டு வருஷத்துக்குப் பிறகு என் பெயரைப் பார்த்ததும் இந்த மெயிலைத் திறக்காமலே தள்ளிவிடாதே.

மீனவர் சங்கத்துக்கு நாம் இருவரும் எழுதிக் கொடுத்த ஏல மென்பொருளைப் புதுப்பிக்க வந்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஞாயிறு காலை படகுகள் கரை சேரும்போது அது ஓட வேண்டும். இல்லையென்றால் சென்னைக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவதாகத் தலைவர் வெள்ளைச்சாமி சொல்லிவிட்டார்.

நாம் நிரலின் பதிப்புகளைக் காக்க வைத்த கிட், புதிய பதிப்பை இறக்க மறுக்கிறது. ரெப்போவில், அதன் சேமிப்புக் கிடங்கில், சேர்க்காத ஃபைல்கள் வழியில் கிடக்கின்றனவாம். எல்லாம் நம் காலத்துக் குப்பை. அவற்றை அழிக்கும் வழக்கமான கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன். ஏலத்தில் விலை சொல்ல நாம் பதிந்த செவந்தி அக்காவின் குரல் இந்த மெஷினில் மட்டும்தான் இருக்கிறது. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குப் பேச்சே போய்விட்டது. இனி பதிய முடியாது.

அதனால் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

நிலவழகன்


புதுக்கோட்டை
11.6.2024

திரு. நிலவழகன் அவர்களுக்கு,

வழக்கமான கட்டளை என்றால் git clean -fdx தானே? 2016-லும் அதைத்தான் அடித்தீர்கள். நான் பதிந்த குரல்கள் அத்தனையும் போயின. பிறகு சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஞானமணி முறையா ரெப்போவுல சேத்து வைக்கலைங்க, நான் என்ன செய்ய?" என்றீர்கள். நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செவந்தியைக் கெஞ்சி மறுபடி பதிந்து, அந்த மெஷினில் போட்டுவிட்டு, கோபத்தில் ஒரு பிரதிகூட எடுக்காமல் வெளியேறினேன்.

கேட்டதற்குப் பதில். f என்றால் கேள்வி கேட்காமல் அழி. d என்றால் ஃபோல்டர்களையும் அழி. x என்றால், தொடாதே என்று நாம் இக்னோர் பட்டியலில் எழுதி வைத்ததையும் அழி. அந்த x-ஐ எடுத்துவிடுங்கள். குரல் ஃபோல்டரை நான் அந்தப் பட்டியலில் எழுதியிருக்கிறேன். x இல்லாவிட்டால் கிட் அதைத் தொடாது. இது உறுதி.

இருந்தாலும் முதலில் f-க்குப் பதில் n போட்டு ஓட்டுங்கள். அது எதையும் அழிக்காது. எதையெல்லாம் அழிக்கும் என்று மட்டும் சொல்லும். பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்குத்தான் எட்டு வருஷமாகச் சொல்ல ஆளில்லை.

இப்படிக்கு,
ஞா. ஞானமணி
துறைத்தலைவர், கணினித்துறை


மீமிசல்
12.6.2024

ஞானமணி,

x இல்லாமல், n போட்டு ஓட்டினேன். அழியப் போகிறவற்றில் ‘குரல்_புதிது’ என்று ஒரு ஃபோல்டரும் வந்தது. திறந்து கேட்டேன். செவந்தி அக்காவேதான்.

நீ இக்னோர் பட்டியலில் எழுதியிருப்பது பழைய ‘குரல்’. அது அன்றே போய்விட்டதே. இரண்டாவது தடவை பதிந்ததை வேறு பெயரில் போட்டிருக்கிறாய். உறுதி என்று நீ எழுதியதை நம்பி நேராக f அடித்திருந்தால் இன்றும் போயிருக்கும்.

இனி என்ன?

நிலவழகன்


புதுக்கோட்டை
12.6.2024

கீபோர்டிலிருந்து கையை எடு.

மெயிலைப் பார்த்ததும் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து எழுதுகிறேன். ஃபோன் செய்யாதே, உன் பேச்சைக் கேட்டால் சண்டை வரும், வேலை நடக்காது.

முதலில் அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் பிரதி எடு. பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, பாட வைத்துக் கேள். பிறகு இக்னோர் பட்டியலில் புதிய பெயரை எழுது. மறுபடி n போடு. இப்போது அந்த ஃபோல்டர் வரக் கூடாது. வருகிற மற்ற ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படி. தெரியாத ஒரு பெயர் இருந்தாலும் நிறுத்து. எல்லாம் குப்பைதான் என்று தெரிந்த பிறகு f.

x-ஐ மறந்தும் தொடாதே நிலா.

ஞானமணி


மீமிசல்
16.6.2024

அன்புள்ள மணி,

ஓடியது.

நீ எழுதியபடியே செய்தேன். குப்பை போனது, குரல் நின்றது, புதிய பதிப்பும் இறங்கியது. காலையில் முதல் பெட்டி கணவாய் மீன். விலையைத் தட்டினேன். "கிலோ முந்நூத்தி இருவது, கணவா" என்று செவந்தி அக்கா குரல் கரை முழுக்கக் கேட்டது. அதோடு நிற்கவில்லை. "வாத்தியாரே, மைக்க அங்கிட்டுத் தள்ளிப் புடிங்க, மூக்குல இடிக்கிது" என்றும் ஸ்பீக்கரில் வந்தது. ‘கணவா’ என்ற அந்த ஒரு பதிவில் மட்டும் கடைசி வாலை வெட்ட மறந்திருக்கிறாய்.

கரையே சிரித்தது. ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த செவந்தி அக்கா எழுந்து நின்றுவிட்டார். மூக்கைத் தொட்டுக் காட்டி, மைக்கைத் தள்ளுவது போலக் கையை ஆட்டி, சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

வெள்ளைச்சாமி கேட்டார்: "யாருப்பா அந்த வாத்தியாரு?"

"ஞானமணிங்க. ரெண்டு தடவையும் பதிஞ்சது அவருதான். மொதத் தடவ அழிச்சது நான்."

"அன்னைக்கிக் கூட்டத்துல வேற மாதிரில்ல சொன்னே?"

"ஆமாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சென்னைக்காரர்களுக்கு ஃபோன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு கணவாய்ப் பெட்டி வந்தாலே எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள்.

அந்த வாலை வெட்டிவிடவா? பதிந்தவன் நீ, நீதான் சொல்ல வேண்டும்.

நிலா


புதுக்கோட்டை
16.6.2024

நிலா,

வெட்டாதே.

உன் கடிதத்தை வீட்டில் ஷர்லிக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளைச்சாமி கேட்ட இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அன்று கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இன்று கரையில் எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை. நாற்பதுக்குக் குறைவாக இருந்தால் நீ இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். "மீமிசல் கரையில ஏலத்தன்னைக்கி நாப்பது பேருதான் நிப்பாகளாக்கும், விடுங்க" என்கிறாள் இவள். விடலாமா என்று யோசிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட வா. கணவாய் நீ வாங்கி வா. பென்டிரைவையும் எடுத்து வா, இந்தத் தடவை என்னிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். செவந்தி என்னை அதட்டியதை ஷர்லி கேட்க வேண்டுமாம்.

எனக்கும் கேட்க வேண்டும்.

மணி