தம்பி வீட்டு மேக்

12 ஆகஸ்ட், செவ்வாய். விழுப்புரம்.

என் மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும். மேக்குக்கான பதிப்பை மேக் கணினியில்தான் தயாரிக்க முடியும்; அது என்னிடம் இல்லை. திண்டிவனத்தில் தம்பியிடம் இருக்கிறது. எங்கள் கண்டாச்சிபுரம் நிலத்தில் கிணற்றுப் பக்கத்தை அவன் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு நாங்கள் பேசுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் பஸ் ஏறிப் போவேன். அவன் மனைவி மேக்கை மேசையில் வைத்துவிட்டு டீ கொடுப்பாள். அவன் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று டீயோடு சொன்னாள். "மாமா, இதை வித்துட்டாருங்க. வாங்கனவங்க போன வாரமே எடுத்துக்கினு போறோம்னு வந்தாங்க. அண்ணன் ஒரு தபா வந்துட்டுப் போவட்டும்னு வெச்சிக்கினு இருக்காரு."

"அவனே சொன்னானா?"

"எங்கிட்டதான் சொல்வாரு. உங்க ரெண்டு பேருக்கும் நான்தானே போஸ்ட்மேனு."

பதிப்பு தயாராக நாற்பது நிமிடம் ஆனது. பிழை எதுவும் இல்லை. என் கோப்புகளை அழித்துவிட்டு மேக்கை மூடினேன். உள்ளே தம்பி டிவி சத்தத்தைக் குறைத்தான். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. இதனால் என் வேலை நிற்காது. இணையத்தில் மேக் வாடகைக்குக் கிடைக்கிறது. அது எனக்கு மூன்று வருடமாகவே தெரியும்.