செய்மதிக்குப் பச்சையாகத் தெரிந்த இறால் குழிகள்

அனுப்புநர்:
திருமதி ஹுனைஸ் சித்தி ஸுலைஹா,
செயலாளர், பெற்றோர் சமையற் குழு,
நூர் குடியிருப்பு, கரைத்தீவு, புத்தளம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
செய்மதிவழி உணவுப் பாதுகாப்புக் கண்காணிப்புப் பிரிவு,
கொழும்பு.

ஊடாக: பிரதேச செயலாளர் அவர்கள்

பொருள்: நூர் குடியிருப்பு உணவுக் குறைவற்ற பகுதி என வரைபடத்தில் காட்டப்பட்டதால் எங்கள் பிள்ளைகளின் பாடசாலைச் சாப்பாடு நிறுத்தப்பட்டமை.

மதிப்புக்குரிய ஐயா,

பல நூறு கிலோமீற்றர் உயரத்திலிருந்து எங்கள் அடுப்புகளைக் கவனித்துவரும் தங்கள் அலுவலகத்துக்கு, அந்த அடுப்புகளில் ஒன்றின் முன்னால் இருக்கும் நான் பணிவுடன் எழுதிக்கொள்வது:

1. எங்கள் பெற்றோர் 1990இல் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து கடலேரியான இந்தக் களப்போரத்தில் குடியேறினார்கள். என் கணவர் ஹுனைஸ் பிறருடைய வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தந்த அரிசி, பருப்பு, முட்டையைத் தாய்மார் நாங்கள் முறைவைத்துச் சமைத்துக் கொடுத்துவந்தோம். பல பிள்ளைகளுக்கு அன்றைய முதற் சாப்பாடு அதுதான். தரம் நான்கில் படிக்கும் என் மகள் நிஸ்ரினுக்கும் அதுதான்.

2. இவ்வருடம் முதலாம் தவணை தொடங்கியபோது அந்தச் சாப்பாடு நிறுத்தப்பட்டது. காரணம் கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே சுவரில் தங்கள் வரைபடம் தொங்கியது. வழவழப்பான, விலையுயர்ந்த தாள். சிவப்பு என்றால் பசி, மஞ்சள் என்றால் பாதிப் பசி, பச்சை என்றால் பசி இல்லை என்று அங்கிருந்த உத்தியோகத்தர் விளக்கினார். எங்கள் குடியிருப்பு கரும்பச்சை. மாவட்டத்திலேயே வயிறு நிறைந்தவர்கள் நாங்கள்தானாம்! செழிப்பான பயிர்நிலம், போதிய நீர் என்று கீழே குறிப்பும் இருந்தது. சாப்பாடு சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மட்டும் என்பது தங்கள் சுற்றறிக்கை.

3. அந்தப் பச்சை எதுவென்று தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. குடியிருப்பின் வடக்கே கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குழிகள் கிடக்கின்றன. இறாலுக்கு நோய் வந்ததும் முதலாளிமார் நீர்ப்பம்பிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழிகளும் உப்பும் எங்களுக்கு மிஞ்சின. உப்பு இறங்கிக் கிணறுகள் கெட்டன, வெங்காயப் பாத்திகள் கெட்டன. மாரி மழை பெய்ததும் அந்தக் குழிகளில் உவர்ப் பற்றை மண்டி வளரும். பார்க்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆடுகூட வேறு வழியில்லாத நாளில்தான் அதில் வாய் வைக்கும். இதைத்தான் தங்கள் பிரிவின் கலாநிதிகள் பயிர் என்று தீர்மானித்து, எங்கள் பிள்ளைகளுக்குக் கடதாசியில் பரிமாறியிருக்கிறார்கள்.

4. செய்மதி மீது எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை. அது பச்சையைக் கண்டது, பச்சை என்று சொன்னது. வறட்சியையும் வெள்ளத்தையும் முன்கூட்டியே அறிய அது உதவுகிறது என்று என் மகளின் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கண்ட பச்சையை உலையில் போடலாமா என்று விசாரிக்க வேண்டியவர் கதிரையில் இருந்தவர். அந்தக் கதிரைக்குத்தான் நாங்கள் வரி கட்டுகிறோம்.

5. ஒருவரும் விசாரிக்கவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். சென்ற ஒக்டோபரில் தங்கள் உத்தியோகத்தர்கள் இருவர் நேரடிச் சரிபார்ப்புக்கு வந்தார்கள். அவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். பதவி உயர்வு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதவில்லை. வாகனம் குழிகளின் பக்கம் போகவில்லை. சப்பாத்தில் சேறு படும் என்ற அச்சம் போலும். நேரே பள்ளிவாசலுக்கு வந்தார்கள். அன்று எங்கள் வருடாந்தக் கந்தூரி.

6. கந்தூரி என்றால் என்னவென்று அறியாதிருப்பது குற்றமல்ல. அறியாததைக் கேட்காமல் அறிக்கை எழுதுவது குற்றம். புத்தளம் நகரத்து வியாபாரிகள் நேர்ச்சையாக அனுப்பும் அரிசியையும் இறைச்சியையும் சமைத்து, வருடத்தில் ஒரு நாள் ஊர் முழுவதுக்கும் போடுவதே கந்தூரி. சஹன் என்று நாங்கள் சொல்லும் பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்போம். வந்தவர்கள் விருந்தாளிகள் அல்லவா? ஆகவே அவர்கள் இருவருக்கும் ஒரு முழுச் சஹனை வைத்தோம். அதைப் பல கோணங்களில் படம் பிடித்தார்கள். ஒரு மூலையைக் கிளறி உண்டுவிட்டு மீதியை ஒதுக்கினார்கள். எங்கள் ஊரில் ஒரு சஹன் இருவருக்குரியது என்று அவர்கள் முடிவு கட்டியது அப்போதுதான்.

7. உண்டுகொண்டிருக்கும்போது அவர்களில் ஒருவர், பள்ளிவாசல் நிருவாகத்திலுள்ள மின்ஹாஜ் நானாவிடம் சாப்பாட்டுக்குக் கஷ்டமா என்று கேட்டார். சோற்றில் கை வைத்திருக்கும் விருந்தாளியிடம் எங்களில் யார்தான் இல்லாமையைச் சொல்வார்? “அல்லாஹ்ட றஹ்மத்து சேர், ஒரு கொறையுமில்ல. நல்லா சாப்புடுங்க” என்றார் அவர். பிரதேச செயலகத்தில் எனக்குக் காட்டப்பட்ட கள அறிக்கையில் இது, “உணவுப் பற்றாக்குறை இல்லை எனச் சமூகத் தலைவர் உறுதிப்படுத்தினார்” என்று பதிவாகியிருக்கிறது. தட்டின் படமும் ஆதாரமாக இணைக்கப்பட்டிருக்கிறது. “மரியாதைக்கிச் சொன்ன கதைய எழுதிட்டுப் போயிட்டானுவளே” என்று மின்ஹாஜ் நானா இன்றும் தலையில் கை வைக்கிறார். நானும் அவரை ஏசினேன். ஆனால் அவர் செய்தது ஊர் வழக்கம். தங்கள் ஆட்கள் செய்ததற்கு நாகரிகமான பெயர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

8. இப்போது தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலம். காற்று கடுத்தால் களப்பிலும் வலை நிற்காது; என் கணவர் போகும் வள்ளம் கரையில் கிடக்கிறது. சென்ற வாரம் ஒரு நாள் இரவு ஒரு இறாத்தல் பாண் ரொட்டியை ஐந்து பேர் பங்கிட்டுத் தின்றோம். மறுநாள் காலையில் நிஸ்ரின் வெறும் பிளேன்டீயுடன் பாடசாலைக்குப் போனாள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். கொடிக்கம்பத்தின் சீமெந்து மேடையில் அடிபட்டு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. இது நடந்த இடமும் தங்கள் வரைபடத்தில் கரும்பச்சைதான்.

9. வைத்தியசாலையில் தாதி அவளிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். மகள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “சோறும் முட்டையும் மிஸ்” என்றாள். நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை ஐயா. பிறர் முன்னால் பசியை மறைக்க வேண்டும் என்று அவளாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். தரம் நான்கில் அப்படி ஒரு பாடம் இல்லை.

10. ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பாடசாலைச் சாப்பாட்டை உடனடியாக மீண்டும் தாருங்கள். வரைபடத்தைத் திருத்தும் வேலையைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம், பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்க முடியாது. பெருநாளோ கந்தூரியோ இல்லாத சாதாரண நாளொன்றில் ஆட்களை அனுப்பி அந்தக் குழிகளில் இறங்கிப் பார்க்கச் செய்யுங்கள். சேற்றுச் சப்பாத்து இல்லையென்றால் ஹுனைஸுடையதைத் தருகிறோம். முன்பு வந்த அதே இருவரும் வந்தால் மிகவும் மகிழ்ச்சி. தங்கள் பிரிவு பயிர் என்று எழுதியதையே பறித்து அவித்து, இருவருக்கும் ஒரு முழுச் சஹன் வைப்போம். இம்முறை மீதி வைக்க விடமாட்டோம்.

கடைசியாக ஒன்று. வானத்திலிருந்து தங்கள் செய்மதியும், வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து என் மகளும் இப்போது ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: சாப்பிட்டாயிற்றாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதை வெட்கத்தோடு சொன்னாள். தங்கள் அலுவலகம் அதைக் கையொப்பமிட்டுச் சொல்கிறது.

இப்படிக்கு,
பதிலுக்காக அல்ல, சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும்,

ஹு. சித்தி ஸுலைஹா
(கையொப்பம்)

இடம்: கரைத்தீவு, புத்தளம்
திகதி: 26.05.2025